உதவிக்குப் பின்னால் ஒரு கடதாசி

(ஹ்விடோவ்ரேயில் நடைபெற்ற எமது தமிழ்த் தகவல் மாலையில், புதிதாக வந்திருக்கும் உறவுகளுக்காக ஆற்றப்பட்ட உரை. வர முடியாமல் போனவர்களுக்காக இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



சண்ட்ஹோல்மிலிருந்தும் வேறு முகாம்களிலிருந்தும் பஸ் மாறி, ரெயின் மாறி வந்திருக்கிறீங்கள். ரிக்கற் காசே உங்களுக்குப் பெரிய காசு என்று தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வாறன்.

நான் ஊரில் படிப்பித்த ஆள். இங்கேயும் எல்லாரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுகினம். என்னிடம் வருகிற ஆக்கள், கொண்டுவந்த கடிதத்தை மேசையில் வைக்க முதல் மூன்று கேள்வி கேட்பினம். "ரீச்சர், நீங்கள் அரசாங்கத்தின் ஆளா? உங்களுக்குச் சம்பளம் யார் தருகினம்? நான் இங்கே சொல்லுகிறது அங்கே போகுமா?"

மூன்றும் நியாயமான கேள்விகள். நாங்கள் பட்ட பாடு அப்படி. 2008 செப்டெம்பரில் உதவி நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறும்படி இலங்கை அரசாங்கம் உத்தரவிட்டது. கிளிநொச்சியிலிருந்த ஐ.நா. அலுவலகத்தின் முன்னால் சனம் கூடி, போகவேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தது. அவர்கள் போய்விட்டார்கள். உதவி செய்கிறவர் நல்லவரா என்பது மட்டும் போதாது. அவர் யாருடைய அனுமதியில் நிற்கிறார், அந்த அனுமதி எப்போது முடியும் என்பதும் உயிர்விஷயம் என்று அன்றைக்கு விளங்கியது.

டென்மார்க் வன்னி இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்கத்தான் வேண்டும். இந்த நாட்டில் ஒவ்வொரு உதவிக்குப் பின்னாலும் ஒரு கடதாசி இருக்கிறது. காசு தருவது யார், வேலை செய்வது யார், எவ்வளவு காலத்துக்கு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடதாசியைப் பற்றி அறிந்தால், எதை உரிமையாய்க் கேட்பது, எதை உதவியாய்க் கேட்பது, எது எப்போது நிற்கும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு இதுதான் பாடம்.

முகாம் யாருடையது?

தஞ்சம் கேட்டவர்களுக்கு இருப்பிடமும் சாப்பாட்டுச் செலவும் அவசியமான வைத்தியமும் கொடுப்பது டெனிஷ் குடிவரவுத் திணைக்களத்தின் பொறுப்பு. ஆனால் முகாமில் நீங்கள் காண்கிற ஆக்களில் அனேகமானோர் அந்தத் திணைக்களத்தின் ஊழியர்கள் அல்லர். திணைக்களம் முகாம் நடத்தும் வேலையை ஒப்பந்தத்தில் கொடுக்கிறது. செஞ்சிலுவைச் சங்கம் 1984ஆம் ஆண்டிலிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறது. சில முகாம்களை நகரசபைகள், அதாவது கொம்யூன்கள், ஒப்பந்தத்தில் நடத்துகின்றன.

இதனால் உங்களுக்கு என்ன? இரண்டு விஷயம்.

முதலாவது, ஒப்பந்தம் ஆக்களின் தொகையோடு ஏறி இறங்கும். 2015இல் டென்மார்க்கில் 21 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தஞ்சம் கேட்டார்கள். அடுத்த வருடமே அது 6 ஆயிரத்துச் சொச்சமாய்க் குறைந்தது. அவசரமாய்த் திறந்த முகாம்கள் பல அதே அவசரத்தில் மூடப்பட்டன. முகாம் மூடினால் உங்களை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். "என்னை மாற்றிவிட்டார்கள், என்ரை கேஸ் பிழைச்சுப் போச்சு" என்று அழுதுகொண்டு வந்த தம்பிமார் இருக்கிறார்கள். முகாம் மூடினதால் வருகிற மாற்றம் ஒப்பந்தக் கணக்கு. உங்கள் கேஸைப் பற்றிய முடிவு அதில் ஒன்றுமில்லை.

இரண்டாவது, முகாம் ஊழியர் உங்கள் தஞ்ச விண்ணப்பத்தைத் தீர்மானிப்பதில்லை. அறை, சாப்பாடு, பள்ளிக்கூடம், டொக்டர், இவையெல்லாம் அவரிடம் கேட்கலாம். உங்கள் கதையை முழுமையாய்ச் சொல்லவேண்டிய இடம் குடிவரவுத் திணைக்களத்தின் விசாரணை. அதேநேரம், நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் முகாமை விட்டுப் போனால் அதைத் திணைக்களத்துக்கு அறிவிப்பது முகாம் நடத்துகிறவர்களின் கடமை. ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போங்கோ.

நீங்களும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருப்பீர்கள். முகாமில் என்ன வேலை செய்வீர்கள், என்ன வகுப்புக்குப் போவீர்கள் என்கிற கடதாசி அது. விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. அதன்படி நடக்காவிட்டால் உங்களுக்குக் கிடைக்கும் படிக்காசு குறையலாம்.

அனுமதி கிடைத்த பிறகு

அனுமதி கிடைத்தால் நீங்கள் எந்தக் கொம்யூனுக்குப் போவது என்பதைப் பெரும்பாலும் குடிவரவுத் திணைக்களம்தான் முடிவு செய்யும். அன்றிலிருந்து உங்களுக்குப் பொறுப்பு அந்தக் கொம்யூன். இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. அந்தப் பழைய கதையைக் கொஞ்சம் கேளுங்கோ. ஒப்பந்த முறையைச் சுருக்குவது என்றால் என்ன என்று அதில் விளங்கும்.

1956இல் ஹங்கேரியிலிருந்து அகதிகள் வந்தபோது இங்குள்ள தொண்டு அமைப்புகள் சேர்ந்து டெனிஷ் அகதிகள் உதவி நிறுவனத்தை உருவாக்கின. டெனிஷில் டான்ஸ்க் ஃப்ளூக்னிங்யெல்ப் என்பார்கள். எண்பதுகளில் எங்கள் சனம் வந்தபோது அவர்களை ஊர்களில் குடியிருத்தி, மொழி படிப்பித்து, வேலைக்கு வழிகாட்டியது இந்த நிறுவனம்தான். செலவு அரசாங்கத்தினுடையது. முதல் ஒன்றரை வருடம் நிறுவனம் பார்க்கும், அதற்குப் பிறகு கொம்யூன் பொறுப்பெடுக்கும். நடுவில் ஒரு கைமாற்று. அங்கே பழகிய ஆளை விட்டு, இங்கே முன்பின் தெரியாத ஆளிடம் திரும்பவும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

1999 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த குடியமர்வுச் சட்டம் இதை மாற்றியது. ஆரம்பத்திலிருந்தே பொறுப்பு கொம்யூனுக்கு. ஒரு கதவு, ஒரு பொறுப்பாளர். பொறுப்பு எங்கே என்று தேட வேண்டியதில்லை, அது நன்மை. ஆனால் நாற்பது வருடமாய் அகதிகளோடு பழகிய நிறுவனத்தின் கை அதில் விலகிப் போனது. முன்பு அகதிகளையே காணாத சின்னக் கொம்யூன்கள் புதிதாய்ப் பழக வேண்டியிருந்தது. எதையும் சுருக்கும்போது ஒன்று சேரும், ஒன்று கழன்று போகும். இதை நினைவில் வைத்திருங்கோ.

இன்றைக்குக் கொம்யூன் தன் வேலைகளில் சிலவற்றைத் திரும்பவும் வெளியே ஒப்பந்தத்துக்குக் கொடுக்கலாம். டெனிஷ் மொழிப் பாடசாலையைச் சில கொம்யூன்கள் தாங்களே நடத்தும், சில வேறு நிறுவனத்திடம் கொடுக்கும். வேலையைக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. ஆகவே மொழிப் பாடசாலையில் உங்களுக்கு அநியாயம் நடந்தால், "அது அவர்களின் விஷயம்" என்று கொம்யூன் கைகழுவ முடியாது. இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்திருங்கோ.

பிரிவு 18

இப்போது எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு வாறன். டெனிஷ் சமூகசேவைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இரண்டு விஷயம் சொல்லுகிறது. ஒவ்வொரு கொம்யூனும் தொண்டர் அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு வருடமும் அதற்கென்று ஒரு தொகை ஒதுக்க வேண்டும். 1998இல் இந்த ஏற்பாடு வந்தபோது அது 115ஆம் பிரிவு. 2007இலிருந்து 18ஆம் பிரிவு. அதே 2007இல்தான் 270 அளவில் இருந்த கொம்யூன்கள் 98 ஆகக் குறைக்கப்பட்டன. ஹ்விடோவ்ரேயும் அந்த 98இல் ஒன்று, அதற்கும் இந்தக் கடமை உண்டு. ஆனால் எவ்வளவு, எப்படி, யாருக்கு என்பதை அந்தந்தக் கொம்யூனே முடிவு செய்யலாம். அதனால்தான் ஒரு ஊரில் இருக்கிற உதவி பக்கத்து ஊரில் இல்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கோ. கொம்யூன் ஒரு சேவையை விலைக்கு வாங்கினால் அது ஒப்பந்தம். என்ன செய்ய வேண்டும் என்று கொம்யூன் சொல்லும். 18ஆம் பிரிவுக் காசு மானியம். என்ன செய்வது என்று அமைப்பு சொல்லும், கொம்யூன் கை கொடுக்கும். வீட்டுப்பாட உதவி, பெண்கள் சந்திப்பு, கடிதம் வாசித்து விளக்குவது, கொம்யூனில் சந்திப்புக்குத் துணையாய் வருவது, இவையெல்லாம் பெரும்பாலும் மானியத்தில் நடப்பவை. எங்களுக்குச் சம்பளம் இல்லை. அந்தக் காசு அறை வாடகைக்கும் தேத்தண்ணிக்கும் தொண்டரின் பயணச் செலவுக்கும் போகிறது.

இந்தக் காசு அனேகமாய் அந்தக் கொம்யூனில் வாழ்கிற ஆக்களுக்கென்று வருவது. ஆகவே எங்கேயாவது "நீங்கள் எந்தக் கொம்யூன்?" என்று கேட்டால் உங்களை விரட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கணக்குக் காட்டக் கேட்கிறார்கள். முகாமில் இருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லுங்கோ. முடியாவிட்டால் எங்கே போகலாம் என்று அவர்களே சொல்லுவினம்.

சுருக்கினால் யாருக்கு லாபம்?

ஒரு சம்பவம் சொல்லுறன். கொம்யூனின் பெயர் வேண்டாம். அங்கே கிழமையில் ஒரு பின்னேரம் ஆலோசனை நடந்தது. மானியம் டிசம்பர் 31 வரைக்கும். அடுத்த வருடத்துக்கு விண்ணப்பம் போட்டாச்சு, பதில் வரவில்லை. ஜனவரியில் கதவில் ஒரு அறிவித்தல் தொங்கியது. அந்த மாதம் ஒரு அம்மா, உதவிப் பணத்தை நிறுத்துகிற கடிதத்தோடு அந்தக் கதவுக்கு வந்தா. திரும்பிப் போனா. வேறு இடம் தேடி எங்களிடம் வந்து சேர, முறைப்பாட்டுக்குரிய 4 கிழமை முடிந்திருந்தது. யாரும் அவவுக்குக் கெடுதி நினைக்கவில்லை. ஒரு கடதாசி பிந்தியது, அவ்வளவுதான்.

இது டென்மார்க்கில் மட்டும் நடக்கிற விஷயமல்ல. பணக்கார நகரமான நியூயோர்க்கிலும் இதே வருத்தம். அங்கே வீடற்றோர் விடுதி, முதியோர் பராமரிப்பு, சாப்பாடு கொடுப்பது என்று எத்தனையோ வேலைகளை நகரசபை தொண்டு அமைப்புகளிடம்தான் கொடுத்திருக்கிறது. வேலை தொடங்கிப் பல மாதம் கழித்துத்தான் ஒப்பந்தம் பதிவாகும், அதுவரை காசு வராது. அமைப்புகள் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தன. 2022இல் மேயரும் நகரக் கணக்காளரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, தேங்கிக் கிடந்த ஒப்பந்தங்களைத் தள்ளிவிட்டபோது வெளியே வந்த தொகை 4 பில்லியன் டொலருக்கு மேல். இவ்வளவு காசும் பெட்டிக்குள் இருந்தது. கையெழுத்துத்தான் இருக்கவில்லை.

ஆகவே கொம்யூன்களிடம் எங்களைப் போன்ற அமைப்புகள் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரு வருடத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று வருடத்துக்கு உடன்பாடு. பத்து இடத்துக்குப் பத்துப் படிவம் இல்லாமல் ஒரு படிவம். வருடம் தொடங்க முதல் பதில். சின்னத் தொகைக்குச் சின்ன அறிக்கை. பெரிய ஒப்பந்தங்களில் இந்த எண்ணம் சட்டத்திலேயே வந்துவிட்டது. 2016இலிருந்து நடைமுறையில் உள்ள டெனிஷ் கொள்முதல் சட்டத்தில், 750,000 யூரோவும் அதற்கு மேலும் உள்ள சமூகசேவை ஒப்பந்தங்களுக்கு, வீதி போடுவதற்கும் கட்டடம் கட்டுவதற்கும் உள்ளதைவிட இலகுவான கேள்விப்பத்திர முறை இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் சுருக்கக் கூடாது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்கிறவருக்குப் பொலிஸிலிருந்து எடுக்கும் பிள்ளைகள் பாதுகாப்புச் சான்றிதழ், கணக்குப் பரிசோதனை, இரகசியம் காக்கும் உறுதி, இவை கரைச்சல்தான். கரைச்சல் என்று விட்டால் அடிபடப் போவது நீங்கள்.

இன்னொன்று. இங்கே சுருக்குவது என்றாலே கொம்பியூற்றரில் ஏற்றுவது என்று ஆகிவிட்டது. விண்ணப்பம், பதில், முறைப்பாடு எல்லாம் இணையத்தில். அதற்கு மிட்-ஐடி வேண்டும். அனுமதி கிடைத்துத் தனிநபர் இலக்கம் வரும்வரை உங்களில் அனேகருக்கு அது கிடைக்காது. கொம்யூனுக்குச் சுருக்கமான வழி உங்களுக்குச் சுற்றுவழி. அதனால் சேவையை எளிதாக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால், நாங்கள் கேட்கிற முதல் கேள்வி "யாருக்கு எளிது?" என்பதுதான்.

காசு வாங்கினால் வாய் மூடுமா?

அரசாங்கத்தின் காசு வாங்குகிறவர் அரசாங்கத்தைக் கேள்வி கேட்பாரா? இதுதான் உங்கள் மனதில் இருப்பது. ஒரு உதாரணம் சொல்லுறன்.

டெனிஷ் அகதிகள் உதவி நிறுவனம் அரசிடம் நிதி பெறுகிற நிறுவனம். தஞ்சம் கேட்டவர்களுக்கு இலவச ஆலோசனை கொடுப்பதும் அதுதான். ஒரு விண்ணப்பம் எந்த ஆதாரமும் இல்லாதது என்று குடிவரவுத் திணைக்களம் கருதினால், அந்தக் கோப்பு இந்த நிறுவனத்திடம் வரும். நிறுவனம் அந்த ஆளை நேரில் கண்டு கதைக்கும். "நாங்கள் உடன்படவில்லை" என்று சொன்னால், மறுக்கப்பட்டாலும் அந்த ஆளுக்கு அகதிகள் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகிற வழி திறந்திருக்கும். காசும் வாங்கலாம், இல்லை என்றும் சொல்லலாம். சொல்லும் உரிமை விதியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். 2001இலும் பிறகு 2013இலும் அரசும் கொம்யூன்களும் தொண்டர் அமைப்புகளும் சேர்ந்து எழுதிய சாசனமும் இந்த வழியில்தான் போகிறது. தொண்டர் அமைப்பு அரசோடு கை கோர்க்கலாம், அதன் கையாய் மாறத் தேவையில்லை.

எங்கள் சனத்தின் பெயரிலேயே இந்த நாட்டில் ஒரு வழக்கு இருக்கிறது. தமிழர் விவகாரம் என்றால் கொஞ்சம் வயதான டெனிஷ்காரர் எல்லாருக்கும் தெரியும். 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட வைத்தார். பாராளுமன்றத்தின் ஒம்புட்ஸ்மன் விசாரித்தார், பிறகு விசாரணை மன்றம் அமைந்தது. 1993 ஜனவரியில் அதன் அறிக்கை வந்தபோது பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் விசேட உயர்மன்றம் அமைச்சருக்கு ஒத்திவைக்கப்பட்ட 4 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. மேசையில் கிடந்த கடதாசிகளை ஒருவரும் கேட்காமல் விட்டிருந்தால் அந்தக் குடும்பங்கள் இன்னும் எத்தனை வருடம் காத்திருக்குமோ. ஆகவே கேட்கிறது குற்றம் என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஒன்று. உதவிக்கு வருகிற எவரிடமும் மூன்று விஷயம் கேளுங்கோ. நீங்கள் எந்த அமைப்பு? யாருக்காக வேலை செய்கிறீங்கள்? இந்த உதவி எப்போது வரைக்கும்? நல்ல ஆள் கோபிக்க மாட்டார்.

இரண்டு. தீர்மானக் கடிதம் வந்தால் திகதியைப் பாருங்கோ. கொம்யூனின் சமூகசேவைத் தீர்மானத்துக்கு எதிராக முறையிட 4 கிழமை உண்டு. முறைப்பாட்டைக் கொம்யூனுக்கே அனுப்புங்கோ. அது மாற்றாவிட்டால் மேன்முறையீட்டுச் சபைக்கு அதுவே அனுப்பி வைக்கும். எங்கள் கதவு பூட்டியிருந்தாலும் அந்த 4 கிழமை ஓடிக்கொண்டுதான் இருக்கும். நீட்டி எழுதத் தேவையில்லை. "இந்தத் தீர்மானத்தை ஏற்கவில்லை, முறையிடுகிறேன்" என்று எழுதித் திகதியும் கையெழுத்தும் போட்டு நேரத்துக்குக் கொடுங்கோ. காரணத்தைப் பிறகு சேர்க்கலாம்.

மூன்று. கொம்யூனில் சந்திப்பு என்றால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். டெனிஷில் பிசிடர் என்பார்கள். பொதுவாக இது உங்கள் சட்ட உரிமை, சலுகை இல்லை. ஆனால் துணைக்கு வருகிறவர் மொழிபெயர்ப்பாளருக்குப் பதில் ஆகமாட்டார். மொழிபெயர்ப்பாளரைத் தனியாய்க் கேளுங்கோ.

நான்கு. எங்கள் வாசலில் வரவுக் கணக்குத் தாள் வைத்திருப்பம். எத்தனை பேர் வந்தார்கள் என்று கொம்யூனுக்குக் காட்டத்தான் அது. ஒரு புள்ளடி போதும், பெயர் எழுதத் தேவையில்லை. அந்தப் புள்ளடிகள்தான் அடுத்த வருடம் இந்தக் கதவைத் திறந்து வைப்பது. தயவுசெய்து போடுங்கோ.

ஐந்து. நீங்கள் சொல்லுகிறது எங்களோடு இருக்கும். உங்கள் சம்மதம் இல்லாமல் கொம்யூனுக்கோ திணைக்களத்துக்கோ போகாது. ஒரு விதிவிலக்கு உண்டு, அதை ஒளிக்க மாட்டன். ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடப்பது தெரிந்தால் கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் இருக்கிற எல்லாருக்கும் உள்ள சட்டக் கடமை.

நாளைக்கு நீங்களும்

கடைசியாக ஒன்று. இந்த நாட்டில் ஒரு அமைப்புத் தொடங்க அரசாங்கத்தின் அனுமதி தேவையில்லை. 1849இலிருந்தே அது அரசியலமைப்பு உரிமை. ஒரு கூட்டம் கூட்டி, யாப்பு எழுதி, நிர்வாகசபை தெரிந்தால் அது அமைப்பு. கொம்யூனிடம் மானியம் கேட்பதற்கு ஒரு சி.வி.ஆர். பதிவிலக்கமும், அதோடு இணைத்த நெம்கொண்டோ வங்கிக் கணக்கும், ஒழுங்கான கணக்கறிக்கையும் வேண்டும். ஹ்விடோவ்ரேயில் தொண்டர் நிலையம் ஒன்று இருக்கிறது, டெனிஷில் ஃப்ரிவில்லிசென்டர் என்பார்கள். எந்தெந்த அமைப்புகள் இருக்கின்றன, புதிதாய் எப்படித் தொடங்குவது என்று அங்கே கேட்கலாம். எங்கள் முன்னோடிகள் தமிழ்ப் பாடசாலைகளையும் கோயில்களையும் விளையாட்டுக் கழகங்களையும் இங்கே இப்படித்தான் ஒவ்வொரு கடதாசியாய்ச் சேர்த்துக் கட்டினார்கள். அவர்களும் ஒரு காலம் முகாமில் பாயில் படுத்திருந்து கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள்தான்.

இப்போதைக்கு நீங்கள் காத்திருக்கிற ஆக்கள். காத்திருக்கிற நேரத்தில் டெனிஷ் படியுங்கோ, கடிதங்களைத் திகதிப்படி ஒரு கோப்பில் அடுக்கி வையுங்கோ. கடித உறையையும் எறிய வேண்டாம். அடுத்த முறை வரும்போது அந்தக் கோப்பையும் கொண்டு வாங்கோ, இருந்து வாசிப்பம்.

இனிக் கேள்விகளைக் கேளுங்கோ.